காற்புள்ளி விழும் இடம்

எண்களுக்கு மொழி கிடையாது என்பது நம்மில் பலரது நம்பிக்கை. சொற்கள் மொழிக்கு மொழி மாறும், எண்கள் மாறா என்பது பள்ளிக்கூடக் காலத்திலேயே மனத்தில் பதிந்துவிட்ட எண்ணம். பெறுமதியைப் பொறுத்தவரை அது உண்மைதான். பன்னிரண்டரை இலட்சம் என்ற எண் கொழும்பிலும் சென்னையிலும் பெர்லினிலும் ஒன்றே. ஆனால் அந்த எண்ணை எழுதிக் காட்டும் முறைக்கு மொழியும் உண்டு, நாடும் உண்டு. இன்று அம்முறையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, நம் கைத்தொலைபேசிக்குள்ளும் கணினிக்குள்ளும் இருக்கும் ஒரு தரவுத் தொகுப்பு. தமிழ் பேசும் இலங்கையரின் வழக்கம் என்று அத்தொகுப்பு சொல்வது நமது வழக்கம் அன்று. அதைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன்.

எங்கள் பகுதியையே எடுத்துக்கொள்வோம். திருகோணமலை மாவட்டத்தின் தெற்கே கிளிவெட்டியும் சேருவிலவும் அயல் ஊர்கள். இரண்டும் அல்லை நீர்ப்பாசனத் திட்டப் பிரதேசத்தைச் சார்ந்த நெல் வயல்களின் ஊர்கள். கிளிவெட்டி விவசாயி தமிழ் பேசுகிறார். சேருவில விவசாயி சிங்களம் பேசுகிறார். இருவரும் ஒரே வங்கியில் ஒரே அளவு கடனைப் பெற்று, ஒரே செயலியைத் தத்தம் மொழியில் திறந்து பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொகை பன்னிரண்டு இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபா. சிங்களத் திரையில் அது 1,250,000 என்று தோன்றும். தமிழ்த் திரையில் 12,50,000 என்று தோன்றும். நாடு ஒன்று, வங்கி ஒன்று, நாணயம் ஒன்று. காற்புள்ளிகள் மட்டும் இரு வேறு இடங்களில் விழுகின்றன.

இதிலே வேடிக்கை என்னவென்றால், செயலியை எழுதியவர் தவறு ஏதும் செய்யாதபோதுதான் இப்படி நேர்கிறது. அவர் ‘மொழி: தமிழ், நாடு: இலங்கை’ என்று முறைப்படி குறித்து, எண்ணை அந்த மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்ப அமைக்கும் வேலையைக் கருவியிடமே ஒப்படைத்திருப்பார். எல்லா மொழிக்கும் ஒரே அமைப்பைத் திணித்த சோம்பேறி நிரலாளரின் செயலியில் இந்தச் சிக்கல் வராது. அக்கறையோடு தமிழை மதித்தவரின் செயலியில்தான் வரும்.

காரணத்தைச் சற்று விளக்கவேண்டும். உலகின் மொழிகளுக்கு எழுத்துக் குறியீடுகளை வகுக்கும் யுனிகோட் அமைப்பு, சி.எல்.டி.ஆர். என்ற ஆங்கிலச் சுருக்கப் பெயர் கொண்ட ஒரு தரவுக் களஞ்சியத்தையும் 2004 முதல் பராமரித்து வருகிறது. ஒவ்வொரு மொழியிலும் மாதங்களின் பெயர் என்ன, நாணயங்களின் பெயர் என்ன, எண்ணில் எத்தனை இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி, தசமத்துக்குப் புள்ளியா காற்புள்ளியா என்பன போன்ற விபரங்கள் அதில் உள்ளன. அன்ட்ரொயிட், ஐபோன் ஆகிய கைத்தொலைபேசிகளும், குரோம், பயர்பொக்ஸ் போன்ற உலாவிகளும் எண்களை அமைக்க இக்களஞ்சியத்தையே நாடுகின்றன. பெயர் அறியாவிட்டாலும் நாம் அன்றாடம் கலந்தாலோசிக்கும் அகராதி இது.

அந்தக் களஞ்சியத்தில் தமிழுக்கு ஒரு பொதுக் கோப்பு உண்டு. அது இந்தியத் தமிழை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி வலமிருந்து முதல் மூன்று இலக்கங்களுக்கு ஒரு காற்புள்ளி. அதன்பின் இரண்டிரண்டு இலக்கங்களுக்கு ஒவ்வொன்று. இலட்சமும் கோடியும் கண்ணுக்குத் தெரியும்படியான இந்திய முறை அது. பிற நாட்டுத் தமிழுக்கென்று தனித்தனிச் சிறு கோப்புகள் இருக்கின்றன. பொதுக் கோப்பிலிருந்து எங்கெங்கே வேறுபடுகிறதோ அதை மட்டும் அவற்றில் எழுதினால் போதும்; எழுதாத யாவும் பொதுக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படும். சிங்கப்பூர்த் தமிழுக்கான கோப்பில் மும்மூன்று இலக்கமாகப் பிரிக்கவேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. மலேசியத் தமிழுக்கும் அவ்வாறே. இலங்கைத் தமிழுக்கான கோப்பில் அந்த வரி இல்லை. ஆகவே நமக்கு இந்திய முறை வந்து சேர்ந்திருக்கிறது. எவரும் சதி செய்து இதை நிகழ்த்தவில்லை. நிரப்பவேண்டியவர்கள் நிரப்பவில்லை, அவ்வளவுதான்.

இலங்கையில் நாம் எண்களை எப்படி எழுதுகிறோம்? காசோலையைப் பாருங்கள், வங்கிக் கூற்றைப் பாருங்கள், வரவுசெலவுத் திட்ட ஆவணங்களைப் பாருங்கள். மும்மூன்று இலக்கங்களாகவே பிரித்திருக்கும். பிள்ளைகளின் கணிதப் பாடமும் பெரிய எண்களை மும்மூன்றாகப் பிரித்து ஆயிரம், மில்லியன் என்றே கற்பிக்கிறது. வாய்ப்பேச்சில் மட்டும் இலட்சமும் கோடியும் வாழ்கின்றன. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய அரசின் உதவியில் வீடுகள் கட்டப்பட்டபோது ஒரு வீட்டுக்குக் கிடைத்த தொகை 550,000 ரூபா. பேச்சில் அது ‘ஐந்தரை இலட்சம்’, தாளில் 550,000. இரண்டுக்கும் இடையே நம் மக்கள் ஒருபோதும் தடுமாறியதில்லை. பேச்சு ஒரு வழியிலும் எழுத்து ஒரு வழியிலும் செல்வது இந்நாட்டின் நீண்ட பழக்கம். சிங்களவரும் பேச்சில் இலட்சத்தையும் கோடியையும் வைத்துக்கொண்டு, எழுத்தில் மும்மூன்றாகவே பிரிக்கிறார்கள். சிறு தொகைகளிலும் நம் கைவழக்கம் தனியானது. இந்தியக் கடைக்காரர் 250/- என்று எழுதும் இடத்தில் நம் கடைக்காரர் 250/= என்று எழுதுவார்.

இவ்வளவு பரவலாக உள்ள முரண்பாடு ஏன் பலரது கண்ணிலும் படவில்லை என்று கேட்கலாம். விடை எளிது. 99,999 வரை இரு முறைகளும் ஒன்றே. 15,000 என்று எழுதினாலும் 75,500 என்று எழுதினாலும் காற்புள்ளி ஒரே இடத்தில்தான். ஓர் இலட்சத்தைத் தொடும்போதுதான் பாதை பிரிகிறது. அங்கே ஒரு முறை 100,000 என்கிறது. மற்றையது 1,00,000 என்கிறது. செயலியைப் பரிசோதிப்பவர் வழக்கமாக 100, 500, 1,250 என்று சிறு தொகைகளை இட்டுப் பார்ப்பார். எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அதுவும் ஆங்கிலத் திரையில்தான் பரிசோதிப்பார்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அந்த மறைவையும் நீக்கிவிட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. டொலருக்கு இருநூறு ரூபாவாக இருந்த நாணய மாற்று, முந்நூற்றைம்பதைத் தாண்டியது. அதற்கு முன் ஐந்து இலக்கத்தில் நின்ற செலவுகள் பல ஆறு இலக்கத்துக்கு நகர்ந்தன. உர மூடைகளின் கணக்கும், உழவு இயந்திரத்தின் திருத்தச் செலவும், சத்திரசிகிச்சைக்குக் கட்டவேண்டிய பணமும் சாதாரண குடும்பத்தின் திரையிலேயே இலட்ச எல்லையைக் கடக்கத் தொடங்கின. முன்பு வசதி படைத்தவர்களின் திரையில் மட்டும் தெரிந்திருக்கக்கூடிய விநோதம் இப்போது எல்லோருடைய திரைக்கும் வந்துவிட்டது.

‘பெறுமதி மாறவில்லையே, காற்புள்ளி எங்கே விழுந்தால் என்ன?’ என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். காற்புள்ளி எதற்காக இருக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். இயந்திரத்துக்குக் காற்புள்ளி தேவையில்லை. அது மனிதக் கண்ணுக்காகவே இருக்கிறது. ஒரு பூச்சியம் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று ஒரே பார்வையில் கண்டுபிடிப்பதற்கான காவல் அது. மும்மூன்றாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 1,25,000 என்பது எங்கோ ஓர் இலக்கம் தவறிப்போன எண்ணாகத் தோன்றும். நாளடைவில் அந்த வடிவம் பழகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். திரையில் ஒரு முறையும் வங்கித் தாளில் மற்றொரு முறையும் என்று பார்த்துப் பார்த்து, உண்மையாகவே ஓர் இலக்கம் விடுபட்டிருக்கும்போதும் ‘இதுவும் அந்த மாதிரி ஒன்றாக்கும்’ என்று கடந்து போய்விடுவோம். பணம் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முந்திய அந்த ஒரு கணத்தில் இந்தக் காவல் மிகவும் முக்கியமானது. அழுத்திய பின் அழுது பயனில்லை.

மனிதருக்குப் பின் இயந்திரத்துக்கு வருவோம். எழுத்து வடிவில் அமைக்கப்பட்ட எண்ணை மறுபடியும் எண்ணாக வாசிக்க முயலும்போது விபரீதங்கள் நேர்கின்றன. இணையப் பக்கங்களுக்கு உயிரூட்டும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுத்தை எண்ணாக மாற்றும் ஓர் எளிய கட்டளை உண்டு. 12,50,000 என்ற எழுத்தை அதனிடம் கொடுத்தால், முதலாவது காற்புள்ளியைக் கண்டதும் வாசிப்பை நிறுத்திக்கொண்டு 12 என்று விடை தரும். பன்னிரண்டரை இலட்சம் பன்னிரண்டு ரூபாவாகிவிடும். 1,250,000 ஐக் கொடுத்தாலோ 1 என்று விடை வரும். இதை அறிந்த நிரலாளர்கள் எண்ணின் வடிவத்தை முதலில் சரிபார்ப்பார்கள். ‘காற்புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் இருக்கவேண்டும்’ என்பது அவர்களது விதி. ஆங்கிலமும் சிங்களமும் அந்த வாயிலைக் கடந்துவிடும். தமிழில் செயலி தானே எழுதிக் காட்டிய 12,50,000 ஐ அதே செயலி ‘செல்லுபடியாகாத தொகை’ என்று திருப்பி அனுப்பும். பயனாளர் தாம் என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் திகைத்து நிற்பார்.

இன்னொரு விநோதமும் உண்டு. ஜாவா என்ற நிரல்மொழியில் எண்களை அமைக்க வழக்கமாகப் பயன்படும் கருவிக்கு இரண்டிரண்டாகப் பிரிக்கத் தெரியாது. இந்திய முறைக்கான கட்டளையைக் கொடுத்தாலும், கடைசிக் காற்புள்ளிக்கு வலப்பக்கத்தில் எத்தனை இலக்கம் இருக்கின்றன என்பதை மட்டும் கவனித்து, எண் முழுவதையும் அதே அளவில் பிரித்துவிடும். இது அதன் கையேட்டிலேயே சொல்லப்பட்டிருக்கும் இயல்பு. ஆகவே வங்கியின் வழங்கி ஜாவாவில் அமைத்து அனுப்பும் பற்றுச்சீட்டில் 1,250,000 என்றும், அதே வாடிக்கையாளரின் உலாவி அமைத்துக் காட்டும் திரையில் 12,50,000 என்றும் வர வாய்ப்புண்டு. இரண்டுமே ‘தமிழ், இலங்கை’ என்ற ஒரே கட்டளைக்குப் பணிந்தவைதாம். தொகையில் ஐயம் எழுந்து ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எதை நம்புவார்?

பெரிய எண்களைச் சுருக்கிக் காட்டும் வசதியைக் கேட்டால் குழப்பம் இன்னும் முற்றும். களஞ்சியத்தின் தமிழ்ப் பகுதியில் ஆயிரத்துக்கு ‘ஆ’ என்றும் மில்லியனுக்கு ‘மி’ என்றும் சுருக்கம் கொடுத்திருக்கிறார்கள். இலட்சத்துக்கும் கோடிக்கும் சுருக்கம் இல்லை. ஆகவே பன்னிரண்டு இலட்சத்தை முழுதாகக் காட்டச் சொன்னால் 12,00,000 என்று இந்திய முறையில் வரும். சுருக்கிக் காட்டச் சொன்னால் 1.2மி என்று மேலைத்தேய முறையில் வரும். மில்லிமீற்றருக்கும் ‘மி’ எழுதிப் பழகிய நமக்கு அது பணத்தொகை என்பது உடனே விளங்குமா? முழு வடிவில் இலட்சம், சுருக்க வடிவில் மில்லியன் என்ற இந்த இரட்டை வாழ்க்கை இந்தியத் தமிழருக்கும் உவப்பானதாக இருக்க முடியாது.

நாணயக் குறியீட்டையும் சொல்லிவிடுகிறேன். இலங்கை ரூபாவைச் சிங்களத்தில் காட்டும்போது சிங்கள எழுத்திலேயே சுருக்கம் வருகிறது. இலங்கைத் தமிழில் காட்டும்போது ஆங்கிலத்தின் ஆர், எஸ் என்ற இரண்டு எழுத்துகள் வந்து நிற்கின்றன. ‘ரூ.’ என்ற சுருக்கம் நமக்கு உண்டென்பது அங்கே பதிவாகவில்லை. முழுப் பெயரிலோ ‘இலங்கை ரூபாய்’ என்று இருக்கிறது. நம் பத்திரிகைகளும் பேச்சும் ‘ரூபா’ என்றே வழங்குவதை யாரும் சொல்லவில்லை போலும். இவை தனித்தனியே பார்க்கச் சிறியவை. ஒன்றாக வைத்துப் பார்த்தால், இந்நாட்டுத் தமிழ் வேறெங்கோ இருந்து இறக்குமதியான மொழி என்ற தோற்றத்தைத் தருபவை.

நம் குடும்பங்கள் இன்று உலகெங்கும் சிதறியிருப்பதால் இது ஒரு நாட்டோடு நின்றுவிடும் விடயமும் அன்று. ஜேர்மனியில் ஆயிரத்து ஐந்நூறை 1.500 என்று எழுதுவார்கள்; தசமத்துக்கே அங்கு காற்புள்ளி. பிரான்சிலும் நோர்வேயிலும் ஆயிரங்களுக்கிடையே ஓர் இடைவெளி விடுவார்கள். சுவிற்சர்லாந்தில் மேற்கோள் குறி போன்ற ஒன்றை மேலே இடுவார்கள். ஜேர்மனியிலிருந்து அண்ணன் ‘1.500 யூரோ போட்டிருக்கிறேன்’ என்று எழுதினால், கிளிவெட்டியில் இருக்கும் தங்கை அதை ஒன்றரை யூரோ என்று வாசிக்கமாட்டாள்; உறவும் சந்தர்ப்பமும் அவளுக்குப் பொருளை உணர்த்திவிடும். இயந்திரத்துக்கு உறவு தெரியாது, சந்தர்ப்பமும் தெரியாது. இலங்கை அமைப்பில் உள்ள கணினியில் 1.500 என்று இட்டால் அது ஒன்றரைதான்.

இந்த வேறுபாடுகளை ஒழித்து உலகம் முழுவதற்கும் ஒரே முறை வகுக்கலாமே என்று கேட்பீர்கள். முயன்றிருக்கிறார்கள். நிறைகள் அளவைகள் பற்றிய பொது மாநாடு 1948 இலேயே, இலக்கங்களை மும்மூன்றாகப் பிரிக்க இடைவெளி மட்டும் விடலாம், புள்ளியோ காற்புள்ளியோ இடக்கூடாது என்று தீர்மானித்தது. தசமக் குறி புள்ளியா காற்புள்ளியா என்பதில் உடன்பாடு எட்டவில்லை. 2003 ஆம் ஆண்டு மாநாடு இரண்டில் எதையும் பயன்படுத்தலாம் என்று அறிவித்து, பழைய தீர்மானத்தை மீண்டும் உறுதி செய்தது. விஞ்ஞானிகளாலேயே ஒன்றுபட முடியாத இடத்தில் வங்கிகளும் கடைகளும் ஒன்றுபடுமென எதிர்பார்க்க முடியாது. ஆகவேதான் ஒவ்வொரு நாட்டின் வழக்கத்தையும் உள்ளபடி பதிவு செய்யும் களஞ்சியம் தேவைப்படுகிறது. அந்தப் பதிவு பிழையானால் களஞ்சியத்தின் நோக்கமே கெடுகிறது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில் எண்களின் மொழிபெயர்ப்பு எத்தனை வழுக்கலானது என்பதை நான் அறிவேன். மத்திய வங்கியின் அறிக்கைகள் மில்லியனிலும் பில்லியனிலும் வரும். சென்னைச் செய்திகள் இலட்சத்திலும் கோடியிலும் வரும். பத்து இலட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன் என்ற வாய்பாடு உதவி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருக்கவேண்டும். முந்திய தலைமுறைக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. பழைய பிரித்தானிய வழக்கில் பில்லியன் என்பது இலட்சம் கோடி. 1974 ஆம் ஆண்டு இறுதியில் பிரித்தானிய அரசு அமெரிக்க வழக்கத்தை ஏற்றுக்கொண்ட பின்பே அது அங்கும் நூறு கோடியாயிற்று. சொல் மாறவில்லை, பொருள் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்த வேலையைச் செய்ய அன்று மேசையில் ஒரு மனிதர் இருந்தார். ஐயம் வந்தால் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்தார். இன்று அந்த மனிதரின் இடத்தில் ஒரு கோப்பு இருக்கிறது. கோப்புக்கு ஐயம் வருவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ‘இலட்சமும் கோடியும் நமது மரபல்லவா? மும்மூன்றாகப் பிரிப்பது வெள்ளைக்காரன் விட்டுச்சென்றது. கணினி தற்செயலாகவேனும் நம் மரபை மீட்டுத் தந்தால் அதை ஏன் எதிர்க்கவேண்டும்?’ என்று தமிழ்ப் பற்றுள்ள அன்பர்கள் கேட்கக்கூடும். மரபு என்ற சொல்லை நானும் மதிக்கிறேன். ஆனால் காற்புள்ளியே நம் மரபில் இல்லாதது என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். பழந்தமிழ் எண் முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. பூச்சியத்துக்குத் தனிக் குறி இருக்கவில்லை. தமிழ்ப் பூச்சியத்துக்கு யுனிகோடில் இடம் கிடைத்ததே 2005 இல்தான். இலட்சம், கோடி என்ற சொற்கள் நம் நாவில் இருக்கின்றன. அவற்றை எந்தக் காற்புள்ளியும் எடுத்துச் செல்லாது. ஓர் எழுத்து வழக்கத்தை மாற்றுவதானால் அதைப் பயன்படுத்தும் சமூகம் கூடிப் பேசி மாற்றவேண்டும். ஒரு கோப்பில் ஒரு வரி விடுபட்டதனால் மாறக்கூடாது.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறொன்று. தமிழ்த் திரையில் எண் விசித்திரமாகத் தெரிந்தால், தொகை மறுக்கப்பட்டால், பற்றுச்சீட்டும் திரையும் முரண்பட்டால், பயனாளர் என்ன செய்வார்? யுனிகோட் அமைப்புக்கு முறைப்பாடு எழுதமாட்டார். கைத்தொலைபேசியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவார். ‘காசு விடயம், தமிழில் வைத்தால் சரிவராது’ என்று பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவைப்பார். அவரைக் குறைசொல்ல முடியாது. 1987 ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று எழுதியது. அந்த ஒரு வசனத்துக்காக இந்நாடு கொடுத்த விலையை மூதூர்ப் பிரதேசத்தில் வாழும் எவருக்கும் நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அப்படிக் கிடைத்த உரிமையை, காரியத்துக்கு உதவாத மொழி என்று நம் மக்களே ஒதுக்கிவைக்கும் நிலைக்கு இத்தகைய சிறு குறைகள் கொண்டுவந்து விடுகின்றன. கச்சேரியில் தமிழ்ப் படிவம் இல்லையென்றால் குரல் எழுப்புகிறோம். திரையில் தமிழ் எண் பிழைத்தால் மௌனமாக ஆங்கிலத்துக்குப் போகிறோம்.

இதைத் திருத்துவது கடினமான காரியமன்று. களஞ்சியம் திறந்தது, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. திருத்தம் வேண்டும் என்று எவரும் முன்மொழியலாம். மொழித் தரவுகளைப் பரிசீலிக்கும் காலங்களில் பதிவு செய்துகொண்டு வாக்கும் அளிக்கலாம். தனி மனிதரின் குரலைவிட நிறுவனங்களின் குரலுக்கு அங்கே நிறை அதிகம். ஆகவே தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமும், அரச கரும மொழிகள் திணைக்களமும், யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கணினித் துறைகளும் தமிழ்த் துறைகளும் ஒரு மேசையில் அமரவேண்டும். கேட்கவேண்டியவை மூன்றே: இலங்கைத் தமிழுக்கு மும்மூன்றாகப் பிரிக்கும் வரி, ‘ரூ.’ என்ற குறியீடு, ‘இலங்கை ரூபா’ என்ற பெயர். சிங்கப்பூர்த் தமிழும் மலேசியத் தமிழும் பெற்றிருப்பதை, தமிழ் அரச கரும மொழியாக உள்ள நாடு பெறாமலிருப்பதற்கு நியாயமில்லை. சிங்கப்பூரிலும் அது அரச மொழிதான். அங்கே வழக்கம் பதிவாகியிருக்கிறது, இங்கே பதிவாகவில்லை.

நிரல் எழுதும் இளைஞர்களுக்கும் சில வார்த்தைகள். அவர்களுள் பலர் இன்று எங்கள் கிராமங்களிலிருந்தே புறப்பட்டிருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சி. எண்ணை எண்ணாகவே சேமித்து வையுங்கள். கண்ணுக்குக் காட்டும் கடைசி நிமிடத்தில் மட்டும் காற்புள்ளி இடுங்கள். காட்டியதை மறுபடி வாசித்துக் கணக்குப் போடாதீர்கள். மற்றவர்களுக்கு அனுப்பும் கோப்பில் காற்புள்ளி இட்ட எண்ணை வைக்காதீர்கள். காற்புள்ளியால் நிரல் பிரிக்கும் அட்டவணையில் 12,50,000 என்பது 12, 50, 000 என்று மூன்று கட்டங்களாக உடைந்துபோகும். பரிசோதிக்கும்போது ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட ஒரு தொகையை, தமிழ்த் திரையில், ஒரு தடவையேனும் இட்டுப் பாருங்கள். களஞ்சியம் திருந்தும்வரை, எண்ணை எப்படிப் பிரிக்கவேண்டும் என்பதை நீங்களே வெளிப்படையாகக் குறித்துவிடுங்கள்.

வங்கிகளிடமும் ஒரு வேண்டுகோள். பெருந்தொகையை அனுப்புவதற்கு முன் உறுதி கேட்கும் திரையில் தொகையை எழுத்தாலும் காட்டுங்கள். இது புதுமையன்று. காசோலையில் இலக்கத்தாலும் எழுத்தாலும் இரு முறை எழுதுகிறோம். இரண்டும் முரண்பட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும் என்பது பிரித்தானியாவின் 1882 ஆம் ஆண்டு மாற்றுண்டியற் சட்டத்திலும், அதைத் தழுவி 1927 இல் இங்கே வந்த கட்டளைச் சட்டத்திலும் உள்ள விதி. இலக்கங்களைவிடச் சொற்கள் நம்பகமானவை என்று கணினிக்கு நெடுங்காலம் முன்பே சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். ‘பன்னிரண்டு இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபா’ என்று தமிழில் ஒரு வரி இருந்தால், காற்புள்ளி எங்கே விழுந்தாலும் கிளிவெட்டி விவசாயி ஏமாறமாட்டார்.

இதை வாசிப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்து பார்க்கலாம். உங்கள் கைத்தொலைபேசியை ‘தமிழ் (இலங்கை)’ என்று மாற்றி, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் செயலியில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட தொகை ஒன்றைப் பாருங்கள். காற்புள்ளி எங்கே விழுகிறது, ரூபாவின் குறி எந்த எழுத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். உங்கள் கணக்கு இலக்கமோ தொகையோ எனக்கு வேண்டாம். செயலியின் பெயரும் அது காட்டிய வடிவமும் போதும். அவற்றைத் தொகுத்து, மேலே சொன்ன நிறுவனங்களுக்குத் தமிழிலேயே எழுதி அனுப்ப எண்ணியிருக்கிறேன்.